உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக: ஜெபம், பொறுமை, மன அமைதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் வியாழக்கிழமைதோறும் மாலை ஒரு சின்ன ஜெபக்கூட்டம் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம் எல்லாம் முடிந்து காப்பி டம்ளரைக் கையில் வாங்கிய பிறகுதான் மனதில் உள்ள கேள்வி வெளியே வரும். "எனக்குக் கோபத்தை அடக்க முடியலையே அக்கா, நான் ஜெபிக்கிறதில் என்ன பிரயோஜனம்?" என்று ஒருத்தி கண் கலங்குவாள். இன்னொருவர் எல்லோரும் போன பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார். அப்படிப் பல வருடங்களாகக் கேட்கப்பட்ட கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் போதகர் இல்லை. ஞாயிறு பள்ளியில் இருபது வருடம் பாடம் எடுத்தவள், அவ்வளவுதான். வசனங்கள் எல்லாம் நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

பொறுமையாக இருப்பது என்றால் கோபமே வராமல் இருப்பதா?

இல்லை. இயேசுவுக்கே கோபம் வந்திருக்கிறது. சூம்பின கையோடு ஒருவன் ஜெப ஆலயத்தில் நிற்கிறான். ஓய்வுநாளில் இவனைக் குணமாக்குவாரா, குற்றம் பிடிக்கலாமா என்று சுற்றிலும் இருந்தவர்கள் நோட்டம் பார்க்கிறார்கள். அவர் கேட்ட கேள்விக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போது அவர் "விசனப்பட்டு, கோபத்துடனே சுற்றிலும் அவர்களைப் பார்த்து" என்று மாற்கு 3:5 சொல்கிறது. கோபத்தோடு விசனமும் சேர்ந்தே இருந்ததைக் கவனியுங்கள். அந்தக் கோபத்தோடு அவர் செய்த அடுத்த காரியம், அந்த மனிதனின் கையைக் குணமாக்கியது.

மோசேயைப் பாருங்கள். "பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன்" என்று எண்ணாகமம் 12-ஆம் அதிகாரம் அவரைப் பற்றிச் சொல்கிறது. அதே புத்தகம் 20-ஆம் அதிகாரத்தில், தண்ணீருக்காக முறுமுறுத்த ஜனங்களிடம் எரிந்து விழுந்து, கோலால் கன்மலையை இரண்டு தரம் அடிக்கிறார். கன்மலையைப் பார்த்துப் பேசச் சொல்லித்தான் தேவன் சொல்லியிருந்தார். சாந்தகுணம் என்று பெயர் வாங்கியவருக்கும் ஒரு நாள் கை ஓங்கிவிட்டது. எனக்கு இதை வாசிக்கும்போதெல்லாம் ஆறுதலாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும்.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் பொறுமைக்கு இரண்டு சொற்கள் வருகின்றன. ஒன்று மக்ரோதூமியா. மக்ரோ என்றால் நீளம், தூமோஸ் என்றால் உள்ளே பொங்குகிற வேகம். பொங்குவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொள்வது என்று வைத்துக்கொள்ளலாம். நம் வேதாகமம் இதை "நீடிய பொறுமை" என்கிறது. பெரும்பாலும் மனிதர்களைப் பொறுத்துக்கொள்வதற்கான சொல் இது. இன்னொன்று ஹுப்போமொனே. சுமைக்குக் கீழே நகராமல் நிற்பது என்று அர்த்தம். நோய், கடன், காத்திருப்பு போன்ற நிலைமைகளைத் தாங்குவதற்கு இந்தச் சொல் வரும். யாக்கோபு 5:11 யோபின் பொறுமை என்று சொல்வது இதைத்தான். இரண்டுமே உணர்ச்சி இல்லாத மனிதனைப் பற்றிப் பேசவில்லை. யோபு எவ்வளவு புலம்பினார் என்பதற்கு ஒரு முழுப் புத்தகமே சாட்சி.

அப்படியானால் "அமர்ந்திரு" என்று வேதம் ஏன் சொல்கிறது?

"நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்பது சங்கீதம் 46:10. சுவரில் படமாக மாட்டியிருப்போம். ஆனால் அந்தச் சங்கீதம் முழுவதும் மலைகள் நடுங்குகின்றன, ஜலங்கள் கொந்தளிக்கின்றன, ராஜ்யங்கள் தத்தளிக்கின்றன. எல்லாம் சரியாக இருக்கிற வீட்டில் சொல்லப்பட்ட வசனம் இல்லை அது.

எங்கள் பக்கத்தில் விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம். "விளக்கை அமத்து" என்போம். அடுப்பையும் அமர்த்துவோம். அமர்வது என்றால் உட்காருவது மட்டும் இல்லை, எரிந்துகொண்டிருந்தது தணிவதும் அமர்வதுதான். சங்கீதத்தில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போது எனக்கு அடுப்படி ஞாபகம்தான் வரும். அடுப்பை அமர்த்திய பிறகும் பாத்திரத்தில் கொதி கொஞ்ச நேரம் இருக்கும். உடனே ஆறவில்லையே என்று யாரும் பதறுவதில்லை.

இன்னொரு சொல்லும் உண்டு. "உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக" என்று யோவான் 14:1-இல் இயேசு சொல்கிறார். கொஞ்சம் தள்ளி 16-ஆம் வசனத்தில், பிதா வேறொரு "தேற்றரவாளனை" உங்களுக்குத் தருவார் என்கிறார். பரிசுத்த ஆவியானவரைத்தான் அப்படிச் சொல்கிறார். சின்ன வயதில் ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணியில் வெள்ளம் வரும்போது தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி வரும். என் ஆச்சி மண்பானையின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை வட்டமாக உரசுவார்கள். கரகரவென்று சத்தம் கேட்கும். அப்புறம் அந்தக் கலங்கல் தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிடுவார்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் மண் எல்லாம் அடியில் படிந்து மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். நான் அவசரப்பட்டு மூடியைத் திறந்து கையை விட்டால் "எடுடீ கையை, திரும்பக் கலங்கிரும்" என்பார்கள். தேற்றாங்கொட்டையில் இருக்கிற தேற்றும், தேற்றரவாளனில் இருக்கிற தேற்றும் ஒரே சொல் என்று எனக்குப் புரிய நாற்பது வயது ஆயிற்று. தண்ணீரைத் தெளிய வைப்பதும் தேற்றுவது, அழுகிறவளுக்கு ஆறுதல் சொல்வதும் தேற்றுவது.

ஜெபத்தை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கலங்கிய மனதை நானே பிடித்து அமுக்கித் தெளிய வைக்க முடியாது. கையை விட்டால் இன்னும் கலங்கும். தேற்றுகிறவரிடம் வைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல் இருக்க வேண்டும். மண் எங்கேயும் போவதில்லை, பானைக்குள்ளேதான் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம்.

கோபம் தலைக்கேறுகிற அந்த நிமிடத்தில் எப்படி ஜெபிப்பது? முழங்கால் போட நேரம் இல்லையே.

அதற்கு நெகேமியாவின் ஜெபம் இருக்கிறது. அவர் பாரசீக ராஜாவின் அரண்மனையில் பானபாத்திரக்காரராக இருந்த யூதர். ராஜா அவரைப் பார்த்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில், "அப்பொழுது நான் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, ராஜாவைப் பார்த்து" என்று வருகிறது (நெகேமியா 2:4). எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? ஒரு மூச்சு, மிஞ்சினால் இரண்டு மூச்சு. ராஜாவுக்கு அவர் ஜெபித்ததே தெரிந்திருக்காது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் மாமியாருக்கு மறதிநோய். ஆறு வருடம் எங்களோடு இருந்தார்கள். ராத்திரி படுத்த பிறகு, "ஏட்டி, விளக்க அமத்திட்டியா?" என்பார்கள். "அமத்திட்டேன் அத்தை" என்பேன். ஐந்து நிமிடம் கழித்து அதே கேள்வி. சில ராத்திரி முப்பது, நாற்பது தரம். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து படுத்தவளுக்கு அது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் எழுந்து விளக்கைப் போட்டு, "நல்லாப் பாருங்க, அமத்தியிருக்கா இல்லையா?" என்று கத்திவிட்டு, மறுபடி அமர்த்தினேன். அவர்கள் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். யாரோ தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் சங்கீதம் 141:3-ஐ மனப்பாடம் பண்ணினேன். "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்." முழுவதும் சொல்ல நேரம் இல்லாதபோது "காவல் வையும்" என்று மட்டும் மனதுக்குள் சொல்வேன். மூச்சை உள்ளே இழுக்கும்போது "கர்த்தாவே", விடும்போது "காவல் வையும்". அது முடிந்த பிறகுதான் "அமத்திட்டேன் அத்தை". மூச்சை நிதானமாக, நீளமாக விடும்போது இதயத்துடிப்பு தணிகிறது என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். உடம்பை அப்படிப் படைத்தவரிடம்தானே ஜெபிக்கிறோம், அதில் எனக்கு ஒரு முரணும் தெரியவில்லை.

இடத்தை விட்டு நகர முடிந்தால் நகருங்கள். கொல்லைப்புறம் போய் ஒரு செம்பு தண்ணீரில் முகத்தைக் கழுவுங்கள். வாட்ஸ்அப்பில் பதில் எழுதிக்கொண்டிருந்தால் போனைக் கவிழ்த்து வையுங்கள். "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்" என்று யாக்கோபு 1:19 சொல்கிறது. அந்தத் தாமதத்தை உண்டாக்க எது உதவினாலும் அது நல்லதுதான்.

ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் எங்கெங்கோ ஓடுகிறது. என்ன செய்ய?

எல்லோருக்கும் ஓடும். இயேசு பிடிபடுவதற்கு முந்தி கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்த ராத்திரி, கூட இருந்த சீஷர்களுக்குத் தூக்கமே வந்துவிட்டது. ஓடுகிற மனதை விரட்டிப் பிடிக்காதீர்கள், அது எங்கே ஓடியதோ அதையே ஜெபமாக்குங்கள். கேஸ் தீரப்போகிறதே என்ற நினைப்பு வந்தால், "ஆண்டவரே, கேஸ் தீரப்போகுது, மாசக் கடைசி, உமக்குத் தெரியும்" என்று சொல்லுங்கள். மகளின் வரன் ஞாபகம் வந்தால் அதையும் அப்படியே சொல்லுங்கள். அப்புறம் விட்ட இடத்துக்குத் திரும்பலாம். சத்தமாக வாசிப்பதும் உதவும். ஒரு சங்கீதத்தை உதடு அசைய, மெதுவாக, இரண்டு தரம். நோட்டில் எழுதி ஜெபிக்கிறவர்களும் உண்டு.

எத்தனை மணிக்கு ஜெபிக்க வேண்டும்? எவ்வளவு நேரம்?

இயேசு "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் (மாற்கு 1:35). அதிகாலை முடிந்தவர்களுக்கு நல்லது. கைக்குழந்தை உள்ளவளும், நைட் ஷிப்ட் பார்க்கிறவரும் அதற்காகக் குற்ற உணர்வில் வாட வேண்டியதில்லை. பால் கொடுக்கிற நேரம், பஸ்ஸில் போகிற நேரம் எல்லாம் ஜெபவேளைதான். பத்து நிமிடமானாலும் தினமும் ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழக்கமாகிவிட்டால், மனம் சோர்ந்த நாளிலும் கால் தானாக அந்த இடத்துக்குப் போய்விடும்.

வருடக்கணக்காக ஜெபித்தும் பதில் இல்லை. இன்னும் எவ்வளவு பொறுக்க?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் நான் முதலில் பதில் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். பதினொரு வருடம் குழந்தைக்காகக் காத்திருக்கிற பெண்ணிடம், "கர்த்தருடைய வேளை வரும்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அந்த வார்த்தை உண்மையாகவே இருந்தாலும், கேட்கிறவளுக்கு அது கல் விழுந்த மாதிரி இருக்கும்.

வேதாகமமே இந்தக் கேள்வியைக் கேட்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று சங்கீதம் 13 ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் நீங்கள் அப்படிக் கேட்டால் விசுவாசம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். நீங்கள் வேதத்தின் ஜெபத்தைத்தான் ஜெபிக்கிறீர்கள்.

அன்னாளின் கதை பலருக்குத் தெரியும். பிள்ளையில்லை, சக்களத்தியின் குத்தல் பேச்சு வேறு. ஆலயத்தில் அவள் உதடு மட்டும் அசைவதைப் பார்த்து ஆசாரியனாகிய ஏலி, குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். "நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்றாள் அவள். நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது அதற்கு அடுத்து வருவதை. அவள் புறப்பட்டுப் போய்ச் சாப்பிட்டாள், "அப்புறம் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று 1 சாமுவேல் 1:18 சொல்கிறது. சாமுவேல் பிறக்கவில்லை. கருத்தரிக்கக்கூட இல்லை. நிலைமை அப்படியேதான் இருக்கிறது. சாப்பாடு மட்டும் உள்ளே இறங்கியது. பதில் வருவதற்கு முன்பே வருகிற அமைதி என்று ஒன்று உண்டு என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி தெரியாது.

சிலருக்குக் கேட்டது கிடைக்காமலே போகும். அதையும் மறைக்கக் கூடாது. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12:9).

எங்கள் திருநெல்வேலி மாவட்டத்திலேயே ஒருவர் இருந்தார். களக்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள டோனாவூரில் அனாதைப் பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்தில் பிறந்து, 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், திரும்பித் தன் ஊருக்குப் போகவே இல்லை. கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த சிறுமிகளுக்கு அடைக்கலம் கொடுத்தவர். ஓடி ஓடி வேலை செய்தவர் 1931-இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். அதற்குப் பிறகு 1951-இல் இறக்கும்வரை, கிட்டத்தட்ட இருபது வருடம், பெரும்பாலும் தன் அறையிலேயே வலியோடு கழித்தார். குணமாக வேண்டும் என்று அவருக்காக ஜெபிக்காத பிள்ளை அங்கே இருந்திருக்காது. அவர் குணமாகவில்லை. ஆனால் அந்த அறையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார், கடிதங்கள் எழுதினார், பிள்ளைகளை ஒவ்வொருவராக வரவழைத்துப் பேசினார். கல்லறைக்கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவரை அடக்கம் செய்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி இருக்கிறது. நெடுநாள் நோயில் கிடப்பவர்களைப் பார்க்கப் போகும்போது இந்த ஒரு வாழ்க்கையைத்தான் சொல்கிறேன், வேறு எதையும் வாக்குக் கொடுப்பதில்லை.

தேவனிடமே கோபமாக இருக்கிறது. அதைச் சொல்லலாமா?

சொல்லுங்கள். எரேமியா சொன்னார், யோபு சொன்னார். சங்கீதம் 88-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். கடைசி வசனம்வரை துக்கம்தான், ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லாமல் முடிகிறது. அதையும் ஜெபப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார் தேவன். அவரிடம் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதைவிட, சண்டை போடுவது எவ்வளவோ மேல்.

"பொறுமைக்காக ஜெபிக்காதே, ஜெபித்தால் சோதனை வந்துவிடும்" என்கிறார்களே?

ரோமர் 5:3-இல் "உபத்திரவம் பொறுமையையும்" உண்டாக்குகிறது என்று இருப்பதை வைத்து இப்படிச் சொல்கிறார்கள். பவுல் சொல்வது, வந்துவிட்ட உபத்திரவத்திலிருந்து தேவன் என்ன விளையச் செய்கிறார் என்பதைப் பற்றி. பொறுமை கேட்ட பிள்ளைக்குத் தகப்பன் அடியைக் கொடுப்பாரா? அப்பத்தைக் கேட்டால் கல்லைக் கொடுப்பானா என்று இயேசுவே கேட்டிருக்கிறார். நீங்கள் ஜெபித்தாலும் ஜெபிக்காவிட்டாலும் கஷ்டம் வரத்தான் செய்யும். தைரியமாகக் கேளுங்கள்.

எவ்வளவோ முயன்றும் பிள்ளையிடம், கணவரிடம் கத்திவிட்டேன். இப்போது என்ன?

மன்னிப்புக் கேளுங்கள். தேவனிடம் மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடக் கூடாது, யாரிடம் கத்தினீர்களோ அவரிடமும் கேட்க வேண்டும். பலிபீடத்தில் காணிக்கையை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்பது மத்தேயு 5-இல் உள்ள இயேசுவின் வார்த்தை. "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" (எபேசியர் 4:26) என்ற வசனத்தை எங்கள் வீட்டில் "சாப்பாட்டுத் தட்டு வைக்கிறதுக்கு முந்தி" என்று வைத்திருக்கிறோம்.

பிள்ளைகளிடம் கேட்பதற்குத்தான் நமக்கு வெட்கம். பெற்றவள் எப்படிப் பிள்ளையிடம் போய்க் கேட்பது என்று தயங்குவோம். என் மகன் ஏழாம் வகுப்பில் படிக்கும்போது, டிபன் பாக்ஸைத் தொலைத்துவிட்டு வந்தான் என்று எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா அப்படிப் பேசினது தப்புதான்டா, மன்னிச்சிரு" என்றேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே "சரிம்மா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்குப் போய்த் தேடுறேன்" என்றான். பொறுமையைப் பற்றி நான் எடுத்த ஞாயிறு பள்ளிப் பாடங்களைவிட அந்த ராத்திரி அவனுக்கு அதிகம் சொல்லியிருக்கும் என்று நம்புகிறேன்.

அத்தையிடமும் கேட்டேன், அந்த விளக்குச் சம்பவத்துக்கு. அவர்களுக்கு ஞாபகமே இல்லை. ஆனாலும் கேட்டேன்.

அடிக்கிற, கேவலமாகப் பேசுகிற கணவனையும் பொறுத்துக்கொண்டு ஜெபிக்க வேண்டுமா?

வேண்டாம். இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். அடி வாங்குவதற்கு வேதம் பொறுமை என்று பெயர் வைக்கவில்லை. சவுல் ராஜா தன்மேல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகித் தப்பி ஓடினார். அதே தாவீதுதான் பின்னால் சவுல் தன் கையில் சிக்கியபோது பழிவாங்காமல் விட்டவர். தப்பிப் போவதும் மன்னிப்பதும் ஒரே மனிதனுக்குள் இருந்தன.

உங்கள் உயிருக்கோ பிள்ளைகளுக்கோ ஆபத்து என்றால் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், ஜெபத்தை அங்கே போய்ச் செய்யலாம். பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-லிருந்தே நம் நாட்டில் இருக்கிறது. "உன் ஜெபத்தால் அவன் மாறுவான், பொறுத்துக்கோ" என்று சபையில் யாராவது திருப்பி அனுப்பினால், அந்த ஆலோசனையைக் கேட்க வேண்டியதில்லை. எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு பெண்ணை நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் திருப்பி அனுப்பினோம். அந்தத் தவற்றில் எனக்கும் பங்கு உண்டு. இன்றைக்கும் அவளுக்காக ஜெபிக்கும்போது, முதலில் எங்களை மன்னியும் என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

தூக்கமில்லை, எந்நேரமும் படபடப்பு. டாக்டரிடம் போய் மாத்திரை சாப்பிட்டால் விசுவாசக் குறைவா?

எலியாவின் கதையை வாசியுங்கள், 1 இராஜாக்கள் 19. சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பாடுதான். அமர்ந்த மெல்லிய சத்தத்தில் தேவன் பேசியது அதற்கெல்லாம் பிறகு. சோர்ந்துபோன மனிதனுடைய உடம்பைத்தான் தேவன் முதலில் கவனித்தார்.

நற்செய்தி எழுதிய லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்கிறார் பவுல். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிற நாம், மனதுக்குச் சாப்பிட ஏன் வெட்கப்பட வேண்டும்? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பு இல்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் இன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். ஜெபத்தை நிறுத்த வேண்டியதில்லை, இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

ஜெபிக்க வார்த்தையே வராதபோது என்ன செய்வது?

"நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ளவேண்டியதின்னதென்று அறியாமலிருக்கிறபடியால், ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்" என்பது ரோமர் 8:26. பெருமூச்சு விட்டாலே போதும் என்று நான் அதைப் புரிந்துகொண்டது ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில்.

என் கணவருக்கு மாரடைப்பு வந்து உள்ளே வைத்திருந்தார்கள். ராத்திரி இரண்டு மணி இருக்கும். எவ்வளவோ பேருக்கு ஜெபித்தவள், எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. "அப்பா" என்று ஆரம்பிப்பேன், அதோடு நின்றுவிடும். பரமண்டல ஜெபம்கூட நடுவில் மறந்துபோனது. வராந்தாவில் டெட்டால் வாடை, குழல் விளக்கு ஒன்று மட்டும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் ஒரு அம்மா தரையில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மகனும் உள்ளே இருந்தான். அவர்கள் கத்தோலிக்கர், நான் சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டண்ட் பிரிவான தென்னிந்தியத் திருச்சபை. எனக்குச் செபமாலை பழக்கமில்லை. "அருள் நிறைந்த மரியே" என்று அவர்கள் முணுமுணுப்பது மட்டும் ஒரே சீராக, மழைத் தண்ணீர் ஓலையிலிருந்து சொட்டுகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. பத்து மணிகளை உருட்டி முடித்து ஒரு தனி மணி, திரும்பவும் பத்து.

நான் அழுவதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. மாலையின் தொங்குகிற முனையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்கள். சொல்வதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு மணியையும் அவர்கள் நகர்த்தும்போது, என் கையிலும் மாலை லேசாக இழுபட்டது. அவ்வளவுதான் அன்று ராத்திரி என் ஜெபம். வார்த்தை எல்லாம் அவர்களுடையது, இழுபடுவது மட்டும் எனக்கு. எப்போது என்று தெரியாமல் மனம் கொஞ்சம் அமர்ந்தது.

விடியற்காலம் நர்ஸ் வந்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது அவர்களுடைய மகன் பெயர். அவர்கள் எழுந்து ஓடினார்கள், மாலை என் கையிலேயே நின்றுவிட்டது. என்ன ஆயிற்று என்று கேட்க அவர்களை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. என் கணவர் பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். மாலை என் வேதாகமத்துக்குள், யோவான் 14-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பெயர் தெரியாத அந்தப் பையனுக்காகவும் அவன் அம்மாவுக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன்.